‘ஒழுங்கீனம்’ என்ற ஒற்றைச் சொல்: பணிநீக்கமும் வேலையின்மை நிவாரணமும்

அரியலூரின் சிமெண்ட் ஆலைகளும், பெரம்பலூரின் டயர் ஆலையும், எறையூர் சிப்காட்டில் 2023இல் உற்பத்தியைத் தொடங்கிய காலணிப் பூங்காவும் விவசாயக் கூலிக் குடும்பங்களின் முதல் தலைமுறையை ஆலைத் தொழிலாளர்களாக்கி வருகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் சுமார் 31 விழுக்காட்டினரும், அரியலூரில் சுமார் 23 விழுக்காட்டினரும் பட்டியல் சாதியினர். நிலமற்ற இக்குடும்பங்களில் ஒருவர் வேலையிழந்தால் சட்டம் எதைத் தருகிறது? விடை, பணிநீக்க ஆணையில் எழுதப்படும் காரணத்தைப் பொறுத்தது.

ஈ.எஸ்.ஐ. காப்பீட்டாளர்களுக்கான அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் 2018 ஜூலை 1இல் சோதனை முறையில் தொடங்கி, அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது. வேலையிழந்தவருக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்த நிவாரணம் 2020 மார்ச்சில் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வாழ்நாளில் அதிகபட்சம் 90 நாட்களுக்கு இது கிடைக்கும். சராசரி நாள் ஊதியம் 500 ரூபாய் எனில், மொத்தம் 22,500 ரூபாய். வேலையிழப்புக்கு முன் குறைந்தது இரண்டாண்டுகள் காப்பீட்டுக்குரிய பணியில் இருந்திருக்க வேண்டும். குறைந்தபட்ச நாட்களுக்குப் பங்களிப்பும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் ஒழுங்கீனத்துக்கான தண்டனையாக வேலையிழந்தவருக்கும், விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் இந்நிவாரணம் கிடையாது. ஆட்குறைப்பு இழப்பீட்டிலும் இதே விலக்கு உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டம், ஒழுங்கு நடவடிக்கையாக விதிக்கப்படும் பணிநீக்கத்தை ‘ஆட்குறைப்பு’ என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பும் அதையே பின்பற்றுகிறது.

இங்கேதான் சாதி நுழைகிறது. சாதிப்பெயர் சொல்லித் திட்டிய மேற்பார்வையாளரை எதிர்த்துக் கேட்பது ‘கீழ்ப்படியாமை’ எனப் பதிவாகலாம். கழிப்பறை கழுவ மறுத்த இயந்திரப் பணியாளர் மீது ‘பணி மறுப்பு’க் குற்றச்சாட்டு வரலாம். எவரெவர் வேலை எது என்ற ஊர் வழக்கம், ஆலைக்குள் ஒழுங்கு விதியாக வேடமிடுகிறது. அந்தச் சொல் ஆணையில் ஏறிவிட்டால், மூன்று மாதப் பிழைப்புக்கான பணமும் கைநழுவுகிறது.

1952ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 102ஆம் உடன்படிக்கை, ‘வேண்டுமென்றே செய்த’ ஒழுங்கீனத்தால் நேர்ந்த நிலைக்கே உதவியை நிறுத்திவைக்க இடமளிக்கிறது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை.

எனவே, போராட்டம் நிவாரண விண்ணப்பத்தில் அல்ல, குற்றச்சாட்டுக் குறிப்பாணையிலேயே தொடங்க வேண்டும். குறிப்பாணைக்கு எழுத்துப்பூர்வமாக விளக்கமளித்து, நகலுக்கு ஒப்புகை பெறுதல் அவசியம். சாதி இழிவு நடந்திருப்பின், நாள், இடம், சாட்சிகளோடு அதனை அவ்விளக்கத்திலேயே பதிய வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் புகாருக்கும் அது துணையாகும். விசாரணைக்காக இடைநீக்கம் செய்யப்பட்டால் முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடும், அடுத்து 75 விழுக்காடும் பிழைப்பூதியமாகப் பெற உரிமையுண்டு. வெற்றுத்தாளிலோ, ‘நானாகவே விலகுகிறேன்’ என்ற கடிதத்திலோ கையெழுத்திடலாகாது.

பணிநீக்கத்தைத் தனித் தொழிலாளரே தகராறாக எழுப்பலாம். சங்கத்தின் ஆதரவு கட்டாயமில்லை. முன்பு மூன்றாண்டாக இருந்த காலவரம்பு புதிய தொகுப்பில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டுள்ளதால், தாமதம் ஆபத்தானது. சமரச அலுவலரிடம் தீர்வு எட்டப்படாவிட்டால் தீர்ப்பாயத்தை நாடலாம். குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனையைக் குறைக்கவும், மீண்டும் பணியில் அமர்த்தவும் அதற்கு அதிகாரமுண்டு.

ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவரும் அனைத்தையும் இழப்பதில்லை. வருங்கால வைப்பு நிதி அவருடையதே. பணிக்கொடையைப் பிடித்தம் செய்ய, நிறுவனத்துக்கு நேர்ந்த சேதமோ, வன்முறையோ, ஒழுக்கக்கேடான குற்றமோ காரணமாக இருக்க வேண்டும். சேதத்துக்காகப் பிடிப்பதானால் அதன் அளவுக்கு மேல் பிடிக்கவும் முடியாது. எதிர்த்துப் பேசியது என்பது மட்டுமே இவற்றுள் எதிலும் அடங்காது.