முயலகனும் மூளை ரண சிகிச்சையும்

முயலகன் என்னும் பெயரை நேயர்கள் அறிவார்கள். ஆடல்வல்லானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் குறளுருவம் அது. வலிப்பு நோய்க்கும் தமிழில் அதுவே பழைய பெயர். கொல்லி மழவனின் மகளைப் பற்றியிருந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது பெரியபுராண வரலாறு. வடமொழியில் இதனை அபஸ்மாரம் என்பர். நினைவு அகலுதல் என்று பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குக் 'காக்காய் வலிப்பு' என்ற வழக்கைவிட இச்சொல் எவ்வளவோ பொருத்தமாகப் படுகிறது.

மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் திடீரெனக் கட்டுக்கடங்காது பெருகுவதே வலிப்பு. பெரும்பாலும் அது சில நிமிஷங்களில் தானே அடங்கிவிடுகிறது. புகழ் மட்டும் கையில் திணித்த இரும்புச் சாவிக்குப் போய்ச் சேருகிறது.

நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு மருந்தே போதும். எஞ்சியோருள் சிலருக்கு, வலிப்பு மூளையின் ஓரிடத்திலிருந்தே கிளம்புமாயின், அவ்விடத்தை அகற்றிக் குணம் காணலாம். 1886-ல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி இவ்வாறு செய்தார். ஆயினும் இதை முறையான கலையாக வளர்த்தவர், 1934-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நரம்பியல் நிலையம் கண்ட வைல்டர் பென்ஃபீல்டு. மண்டையோட்டைத் திறந்தபின், நோயாளி விழித்திருக்கும்போதே, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். மூளைக்கு வலியுணர்ச்சி கிடையாது. ஓரிடத்தைத் தொட்டால் விரல் அசையும். வேறோரிடத்தைத் தொட்டால் பேச்சு நின்றுவிடும். காக்க வேண்டிய இடம் எது, களைய வேண்டிய இடம் எது என்பதை இவ்வாறு நோயாளியே உணர்த்தினார் எனலாம்.

பென்ஃபீல்டிடம் பயின்றவர்களுள் ஒருவர் ஜேக்கப் சாண்டி. அவர் 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை ரண சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் வலிப்பு ரண சிகிச்சை 1952-ல் அங்கேதான் நடந்தது. சென்னையில் பி. ராமமூர்த்தியும் இப்பணியில் ஈடுபட்டார். இவ்வளவு முன்னதாக வந்த கலை பின்னர் பரவாமல் தேங்கிப்போயிற்று. குறை கத்தியில் இல்லை. நோயின் பிறப்பிடத்தைக் கண்டறிய மூளை மின்வரைவும், அதைப் படிக்கப் பழகிய கண்ணும், மருத்துவரும் மனோதத்துவ நிபுணரும் கூடி ஆராயும் குழுவும் வேண்டும். அத்தகைய குழுக்கள் நாட்டில் அருகியே இருந்தன. எம்.ஆர்.ஐ. படம் வந்த பின்னர், 1995-ல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் முயற்சி புத்துயிர் பெற்றது. எளிதில் இடம் புலப்படும் நோயாளிக்குச் செலவு மிக்க சோதனைகள் வேண்டுவதில்லை என்று அக்குழுவினர் கொண்டது, ஏழைகளுக்குச் செய்த பேருதவி என்பேன்.

இரண்டு தக்க மருந்துகளை முறையாக உட்கொண்டும் வலிப்பு நில்லாதவர், இத்தகைய நிலையத்தில் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பலர் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வருகின்றனர். மணப்பேச்சு முறியுமே என்று நோயை மறைப்பது ஒரு காரணம். இந்து விவாகச் சட்டம் வலிப்பை மணத்துக்குரிய தடைகளிலிருந்து 1999-லேயே நீக்கிவிட்டது. இதை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்?

தலைநகர் டில்லியில் வாழும் நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அங்குள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார், மருந்துக்கு அடங்காத வலிப்புடைய 116 சிறுவர் சிறுமியரிடம் நடத்திய ஆராய்ச்சியை 2017-ல் வெளியிட்டனர். ரண சிகிச்சை பெற்ற 57 பேரில் 77 சதவீதத்தினர் ஓராண்டின் முடிவில் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் உட்கொண்ட 59 பேரில் 7 சதவீதத்தினரே. சிகிச்சை பெற்றோரில் 19 பேருக்குக் கை கால் பலவீனம் முதலிய கடும் விளைவுகள் நேர்ந்தன என்பதையும் மறைக்கலாகாது. மருந்துப் பிரிவைச் சேர்ந்த குழந்தைகள் அவ்வோராண்டைக் கழித்தது, ரண சிகிச்சைக்காகக் காத்திருப்போர் வரிசையில்தான்.