படலையில் செருகிய நோட்டீஸ்

என் பெறாமகன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தங்குவிடுதி நடத்துகிறான். போன மாதம் மடிக்கணினியோடு வந்து நின்றான். "பெரியப்பா, கனடா, லண்டன் ஆக்களின்ர ஈமெயில் விலாசம் ரெண்டாயிரம் வாங்கியிருக்கிறன். நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னம் எல்லாருக்கும் ஒரு விளம்பரம் தட்டிவிட்டா ஆக்கள் வருவினமோ?"

நாற்பது வருஷம் அச்சுக்கூடம் வைத்திருந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

கேளாமல் கொண்டுவந்து கொடுக்கும் கடதாசி யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1816-ல் வந்த அமெரிக்க மிஷனரிமார், அச்சு வரும் முன்னரே துண்டுப் பிரசுரங்களை ஓலையில் எழுதுவித்துக் கொடுத்தார்கள். 1820-ல் அவர்களுக்கென்று வந்த அச்சுக்காரர் ஜேம்ஸ் கரெட்டை ஆங்கில அரசாங்கம் இங்கே தங்கவிடவில்லை. வந்த இயந்திரம் நல்லூரிலிருந்த சர்ச் மிஷன்காரரின் கைக்குப் போனது. 1834-ல் மானிப்பாயில் அமெரிக்கர்களுக்கே ஓர் அச்சகம் அமைந்த பிறகு பிரசுரத்துக்குக் குறைவே இல்லை. எல்லாம் இனாம்.

அவ்வளவு கொடுத்தும் ஊர் சைவமாகத்தான் இருந்தது. சேர்ந்த கொஞ்சப்பேரையும் சேர்த்தது பள்ளிக்கூடமும் வைத்தியமும்தான் என்பது என் எண்ணம். பிரசுரம் கிளப்பியது மற்றப் பக்கத்தின் ரோசத்தை. பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1849-ல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் வைத்தார். 1854-ல் அவருடைய 'சைவதூஷணபரிகாரம்' வந்தது. யாழ்ப்பாணத்துச் சைவ அச்சுத்தொழிலுக்கு ஒரு வகையில் பாதிரிமாரின் இனாம் கடதாசிதான் பிள்ளையார் சுழி.

என் காலத்து நோட்டீஸ் புடவைக்கடை நோட்டீஸ். காலால் மிதிக்கிற இயந்திரம், மெல்லிய றோஸ் கடதாசி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு முதலாளி தீபாவளிக்கு ஐயாயிரம் அடிப்பித்தார். கொண்டுவந்து காட்டினால் விலையில் கழிவு என்று அடியில் ஒரு வரி. பஸ் நிலையத்தில் கொடுத்தார்கள், வீடுவீடாகப் படலையில் செருகினார்கள். திரும்பி வந்தவற்றை முதலாளி பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டுவைத்தார். தகரத்தின் அடிகூட மறையவில்லை. மிச்சம் எங்கே போனது என்பதைக் கோயில் வீதியில் கண்டேன். கச்சான்காரி சரை சுற்றிக்கொண்டிருந்தாள். றோஸ் கடதாசி, என் எழுத்து.

தகரத்துக்குள் வந்தவை பெரும்பாலும் கலியாணம் பேசி முடித்த வீட்டுக்காரர் கொண்டுவந்தவை. முதலாளி கெட்டிக்காரர், அதைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, உங்களிட்டைக் கலியாணக் காட் அடிக்க வாற ஆக்களின்ர விலாசத்தைத் தந்தா என்ன?"

கொடுத்தேன். காட்டின் முதல் புறூவ் காய முன்னரே விலாசம் கடைக்குப் போய்விடும். ஐயாயிரத்துக்குப் பதில் முப்பது கடிதம். முப்பதில் பாதி வீடு கூறைச்சேலை எடுக்க வந்தது. எனக்கும் ஒரு வேட்டி கிடைத்தது.

பிறகு ஒருநாள் கோண்டாவில் பக்கமிருந்து ஒரு தகப்பன் வந்தார். காட் அடித்துக் கொடுத்த கையோடு அந்தச் சம்பந்தம் குழம்பிப்போயிருந்தது. கடைக் கடிதத்தை மேசையில் வைத்தார். 'மணமகளுக்கு எமது வாழ்த்துக்கள்' என்று தொடங்கும் கடிதம். "பிள்ளைதான் உடைச்சு வாசிச்சது" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அன்றோடு விலாசம் கொடுப்பதை விட்டேன்.

தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை. மின்சாரமும் இல்லை, கடதாசியும் இல்லை. பத்திரிகையே அப்பியாசக் கொப்பித் தாளில் வந்த காலத்தில் புடவைக்கு யார் நோட்டீஸ் அடிப்பான்?

இப்போது ரெண்டாயிரம் பேருக்கு அனுப்பக் கடதாசியே வேண்டாம். சரை சுற்றவும் உதவாது. 2022-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் இல்லாதவருக்கு இப்படி விளம்பரம் அனுப்பக்கூடாது என்கிறது. சட்டத்தைப் பற்றி நான் பெறாமகனிடம் பேசவில்லை.

"போன வருஷம் உன்ர விடுதியில நிண்டவை எத்தினை பேர்?"

"நூற்றிச் சொச்சம் இருக்கும்."

"அவைக்கு எழுது. கொடியேற்றம் எப்ப, எத்தினை அறை மிச்சம் எண்டு மட்டும். மற்ற ரெண்டாயிரத்தை ஆரிட்டை வாங்கினனி?"

"ஒரு கொம்பனியில வேலை செய்யிற பெடியன், பெரியப்பா. தெரிஞ்சவன்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேட்டியை நான் நாலைந்து வருஷம் கட்டினேன்.