மெல்லிசை இரட்டையரும் தோட்டத்து ஒலிபெருக்கியும்

தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பாடகரைப் போற்றுவர், பாடலாசிரியரைப் போற்றுவர், ஒலிவாங்கியை மறந்துவிடுவர். மின்னாற்றலால் இயங்கும் அச்சிறு கருவி இல்லையேல் 'மெல்லிசை' என்னும் சொல்லுக்கே பொருளில்லை. நாடகமேடைக் காலத்தில் எஸ். ஜி. கிட்டப்பா போன்றோர், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு உச்சக் குரலில் பாட வேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்த பின்னரே, காதருகே பேசுவது போன்ற மென்குரலும் ஊரறியும் இசையாயிற்று. இம்மாற்றத்தின் பயனை நன்குணர்ந்து புதுமைகள் செய்தவர்களுள் முன்னிற்பவர்கள் விசுவநாதன் – இராமமூர்த்தி இரட்டையர்.

டி. கே. இராமமூர்த்தி 1922இல் திருச்சிராப்பள்ளியில் வயலின் மரபிற் பிறந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரர். எம். எஸ். விசுவநாதன் 1928இல் பாலக்காட்டையடுத்த எலப்புள்ளியிற் பிறந்தார்; தந்தையை இளமையிலேயே இழந்து, கண்ணூரில் பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார். இருவரையும் இணைத்தது இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனின் குழு. ஒருவர் வயலின் வாசித்தார். மற்றவர் ஆர்மோனியம் வாசித்தார். 1952இல் சுப்பராமன் இளவயதிலேயே மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பணிகளை இவ்விருவரும் நிறைவு செய்தனர். அவ்வாண்டே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்திற்கு இணைந்து இசையமைத்தனர்.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவர்கள் செய்த சோதனைகள் பல. 1961இல் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' ஆகிய மூன்றும் வெளிவந்தன. பி. பி. சீனிவாசின் மென்குரல் பெருங்கூட்டத்தின் உள்ளங் கவர்ந்தது இக்காலத்தில்தான். 1963இல் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டம் அவர்களை வந்தடைந்தது. 1964ஆம் ஆண்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 'கர்ணன்' படத்தில் வடநாட்டு இராகங்கள். 'காதலிக்க நேரமில்லை' படத்தில் மேலைநாட்டுத் துள்ளல் தாளம். 'புதிய பறவை' படத்தில் பெரும் வாத்தியக் குழுவின் முழக்கம். இத்தனைக்கும் நடுவே பாட்டின் சொல் மறையவில்லை என்பதே இவர்களின் தனிச்சிறப்பு. 1965இல், 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தனர்.

சென்னைப் பதிவரங்கில் ஒலிவாங்கியில் தொடங்கிய அவ்விசை, நம் தோட்டங்களில் ஒலிபெருக்கி வழியே வந்து சேர்ந்தது. யான் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். யான் பிறக்குமுன்னரே அவர்கள் பிரிந்துவிட்டனர். எனினும் மாரியம்மன் திருவிழாவில் மரக்கிளையிற் கட்டிய ஒலிபெருக்கியில் அவர்கள் பிரியாமலே இருந்தனர். எழுதப் படிக்க அறியாத என் அன்னையார், பால்மரம் வெட்டுங்கால் அப்பாடல்களைச் சொற்பிழையின்றி முணுமுணுப்பார்.

ஒருநாள் வகுப்பில் ஆசிரியர், "இளவேனில் என்றால் என்ன?" என்று வினவினார். வெயிலும் மழையும் அன்றிப் பிற பருவம் அறியாத நாட்டில் எவர்தாம் விடையிறுப்பர்? "வசந்தம், ஐயா!" என்றேன். திருவிழாப் பாட்டிற் கேட்ட சொல் அது. ஆசிரியர் நகைத்து, "பாட்டும் உனக்குப் பாடம் நடத்துகிறதோ?" என்றார். பின்னர் யானே ஆசிரியனானபோது, அவ்வினாவிற்கு ஆம் என்பதே விடை எனத் தெளிந்தேன். திரைப்பாட்டு மாணவரைக் கெடுக்கும் என்பார் இன்றும் உளர். பாட்டு யாவும் நன்று என யான் வாதிடவில்லை. ஆனால் நூலகமற்ற லயத்து வீடுகளுக்குத் தெளிந்த தமிழ்ச்சொற்களை ஏந்திவந்தது அந்த ஒலிபெருக்கியே என்பதை மறுத்தல் நன்றியாகாது.

1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் இருவரும் மீண்டும் இணைந்தனர். 2013இல் இராமமூர்த்தியும், 2015இல் விசுவநாதனும் மறைந்தனர். இங்கோ, புக்கிட் ரோத்தான் முதல் பெஸ்தாரி ஜெயா வரை பால்மரங்கள் செம்பனைக்கு இடந்தந்தன. தோட்ட மக்களிற் பலர் நகர்களுக்குப் பெயர்ந்தனர். இசைத்தட்டுகள் எங்கேனும் கிடைக்கும். அவற்றைத் தோட்டத்து மக்கள் எவ்வாறு கேட்டனர் என்னும் வரலாறோ முதியோர் நெஞ்சில் மட்டுமே உளது.

மாணவர்களே, உங்கள் பாட்டியாரிடம் கேளுங்கள். எந்தத் திருவிழாவில் எந்தப் பாட்டு ஒலித்தது என்று குறித்து வையுங்கள். அக்குறிப்பேடும் நம் வரலாற்று நூலே.