வாராத வரியின் பெயர் தாங்கிய சாலை

சென்னை மத்திய ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கமாக வடக்கு நோக்கிச் செல்லும் சாலைக்கு ஆவணங்களில் வ.உ.சி. சாலை என்று பெயர். மக்கள் வாயில் அது இன்றும் வால்டாக்ஸ் ரோடுதான். ஆங்கிலேயரின் கப்பல் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்ட பெருமகனாரின் பெயர்கூட அப்பழம்பெயரை அசைக்க முடியவில்லை. வண்டி நெரிசலில் சிறிது தொலைவு நடந்தால் யானைக்கவுனி. 'வால்' என்பது மதில், 'டாக்ஸ்' என்பது வரி. ஆக அது மதில்வரிச் சாலை. 'கவுனி' என்பது கோட்டை வாயில். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'கவனி' என வழங்கும் சொல். இன்று அங்கே மதிலும் இல்லை, வாயிலும் இல்லை. வரியோ என்றுமே வந்ததில்லை.

நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்குக் கவிதை பற்றி எழுதுவதே முறை என்று அன்பர்கள் கருதக்கூடும். ஆயினும், வகுப்பில் புறநானூற்றின் 184ஆம் பாடலை நடத்துந்தோறும் என் மனம் யானைக்கவுனிக்கே சென்றுவிடுகிறது. பாண்டியன் அறிவுடை நம்பிக்கு, வயலில் புகுந்த யானையைக் காட்டி, இறை கொள்ளும் நெறியைப் பிசிராந்தையார் உணர்த்திய பாடல் அது. மிகுதியாகக் கொள்ளும் வேந்தனைக் கடிந்துரைக்கப் புலவர் இருந்தார். கொடுக்க வல்லவன் கொடாதிருக்க வழி தேடினால் அவனை இடித்துரைப்பவர் யார்?

'தவிர்த்தல்' என்ற சொல்லின் பயணத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றினர். அங்கே தவிர்த்தவன் வாங்கும் உரிமையுடைய மன்னன். இன்று 'வரித் தவிர்ப்பு' என்கிறோம். தவிர்ப்பவர் கொடுக்கக் கடமைப்பட்டவர். சட்டத்தை மீறினால் அது வரி ஏய்ப்பு. சட்டத்தின் சந்துகளில் நுழைந்து வெளியேறினால் தவிர்ப்பு. பின்னதற்குத் தண்டனை இல்லை. அச்சந்துகளை அறிந்து சொல்லும் வல்லுநர்க்கு உயர்ந்த ஊதியமும் உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்நகரில் கால் வைத்ததே ஒரு சலுகையோடுதான். 1639இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் அளித்த உரிமையின்படி, கம்பெனியின் சொந்தச் சரக்குக்குத் துறைமுகத்தில் சுங்கம் இல்லை. பிறர் செலுத்தும் சுங்கத்திலோ கம்பெனிக்குப் பாதி. 1672இல் கோல்கொண்டா அரசின் அதிகாரி நெக்னாம் கானோடு செய்த உடன்பாட்டால், அரசுக்குச் சேர வேண்டிய பங்கு ஆண்டுக்கு 1,200 பகோடா என்று நிலையாகக் குறுக்கப்பட்டது. துறைமுகம் வளர்ந்தது, வாணிகம் பெருகியது. 1,200 மட்டும் 1,200ஆகவே இருந்தது. 1752இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி அதையும் விட்டுக்கொடுத்தார். தான் கொடுப்பதைக் குறைக்கும் கலையில் கைதேர்ந்த அதே கம்பெனி, ஊராரிடம் வரி வாங்குவதில் முனைப்புக் காட்டியது. 1688இல் சென்னை மாநகராட்சி தோன்றியதற்கும் இதுவே ஒரு காரணம். கம்பெனி கேட்டால் கொடாதவர், தம்மவரும் அமர்ந்திருக்கும் மன்றம் கேட்டால் கொடுப்பர் என்பது லண்டனில் இருந்த ஜோசையா சைல்டின் கணக்கு.

இனி மதிலுக்கு வருவோம். 1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி கருப்பர் நகரத்தைப் பிடித்துக்கொண்டார். 1769இல் ஹைதர் அலி நகரின் வாயில்வரை வந்து நின்று உடன்படிக்கை பெற்றுச் சென்றார். அச்சம் தணியுமுன் நகரின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது, 1772அளவில் முற்றுப்பெற்றது. பாதுகாப்புப் பெறும் வீட்டுக்காரரே செலவையும் ஏற்க வேண்டும் என்பது கம்பெனியின் எண்ணம். அப்படி வரி விதிக்கக் கம்பெனிக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. வரி வசூலாகவே இல்லை. தெருவுக்குப் பெயர் மட்டும் மிஞ்சிற்று.

எளிய குடிகளுக்கு இது நன்மைதானே என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படியே தோன்றியது. ஆனால் மதிலுக்குள்ளே குடிசைகள் மட்டுமா இருந்தன? துபாஷிகளின் மாளிகைகளும் பெருவணிகரின் கிடங்குகளும் இருந்தன. இழப்பதற்கு மிகுதியாக உள்ளவரைத்தான் மதில் மிகுதியாகக் காத்தது. அவர்கள் கொடாத தொகை கம்பெனிக் கருவூலத்திலிருந்து சென்றது. 1763இல் நவாபு ஜாகீராக அளித்த செங்கழுநீர்ப்பட்டுச் சீமையின் நிலவரியும் அக்கருவூலத்திற்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஏரிப்பாசன உழவன் மதிலைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டான்.

மதில் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்த பால் பென்ஃபீல்டின் கதை தனிக் காவியமாகப் பாடத் தக்கது. ஆண்டுக்குச் சில நூறு பவுன் ஊதியம் பெற்ற கம்பெனி ஊழியர். நவாபுக்கே பெருந்தொகை கடன் கொடுத்தவர். 1776இல் ஆளுநர் பிகட் தஞ்சையை மன்னர் துளஜாவிடம் திருப்பி ஒப்படைத்தபோது, அந்நாட்டு விளைச்சலின் மேல் தமக்குக் கடனுரிமை உண்டென்று பென்ஃபீல்டு முறையிட்டார். அப்பூசலில் ஆளுநரே சிறைப்பட்டு, மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். பென்ஃபீல்டோ 1780இல் ஆங்கில நாடாளுமன்ற உறுப்பினரானார். நவாபின் கடன்களை விசாரணையின்றி ஏற்றதைக் கண்டித்து எட்மண்டு பர்க் 1785இல் ஆற்றிய பேருரையில் இவர் பெயர் பலமுறை அடிபடுகிறது. குடிகள் செலுத்திய வரி தனியார் ஒருவரின் வட்டியாக மாறிய விந்தை அது. 1810இல் பாரிசில் அவர் வறியவராகவே மடிந்தார் என்பது வேறு செய்தி.

யானைக்கவுனியின் அருகே இன்னொரு பெயரும் உண்டு: சால்ட் கோட்டர்ஸ். சரக்கு ரயில் நிற்கும் இடமாகவே பலர் அதை அறிவர். கோட்டர்ஸ் என்பது நம் 'கொட்டாரம்', அதாவது களஞ்சியம். 1805இல் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டில் பேசில் காக்ரேன் என்ற வணிகர் எண்ணூர்வரை கால்வாய் வெட்டினார். எண்ணூர்ப் பக்கத்து அளங்களின் உப்பு படகேறி நகருக்குள் வந்தது. உப்பின் விலைக்குள் வரி ஒளிந்திருந்தது. கஞ்சி குடிப்பவன் எந்த வழக்கறிஞரைக் கொண்டு அதைத் தவிர்ப்பான்? மதில்வரி வாராத தெருவும் உப்புவரி தப்பாத கொட்டாரமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. உப்புவரி நீங்க 1947 ஆயிற்று.

பழைய ஜாகீர் மண்ணில்தான் ஸ்ரீபெரும்புதூரும் உள்ளது. அங்கே 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை தொடங்கிற்று. மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தலைமை நிறுவனத்திற்குச் செலுத்திய உரிமத்தொகையில் வரி பிடித்தம் செய்யவில்லை என்று கூறி, 2013இல் வருமானவரித் துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. தான் சட்டப்படியே நடந்ததாக நிறுவனம் மறுத்தது. வழக்கினால் ஆலையின் சொத்துகள் முடங்கின. கைப்பேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாப்டின் கைக்கு ஆலை போகவில்லை. அது கொடுத்துவந்த உற்பத்தி ஒப்பந்தமும் நின்றது. 2014 நவம்பர் 1இல் ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அவர்களுள் மிகப் பலர். 2018இல் இரு நாட்டு வரி உடன்படிக்கையின் வழியே, சுமார் 20 கோடி யூரோ செலுத்துவதென்று வழக்கு முடிந்தது. பேச்சில் அமர்ந்தவை இரண்டு அரசுகள். பணம் கட்டியது நிறுவனம். வேலை இழந்த பெண்களின் பெயர் அந்தத் தாள்களில் இடம்பெற வேண்டிய தேவை எவர்க்கும் இருக்கவில்லை.