வாடகையா, விலையேற்றமா? பர்மா நிலங்கள் சொல்லும் கணக்கு

வாடகைக்கு விடுவதற்கென்று வீடு வாங்கப் புறப்படுவோரிடம், எங்கள் சிக்கலிலும் சரி, பிற ஊர்களிலும் சரி, இரண்டு வினாக்கள் தவறாமல் எழுகின்றன. மாதந்தோறும் கைக்கு என்ன வரும்? பத்தாண்டு கழிந்தால் என்ன விலைக்குப் போகும்? முதலாவதற்கு விடை சிறிதாக இருந்தால், இரண்டாவதைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். இத்தேறுதல் எவ்வளவு உறுதியானது என்பதற்கு நம் மண்ணின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது காரைக்குடி, தேவகோட்டை உள்ளிட்ட செட்டிநாட்டின் பெரும்பகுதி அதனுள் அடங்கியிருந்தது. 1985இல்தான் சிவகங்கை மாவட்டம் பிரிந்தது. அங்கிருந்து கடல் கடந்த நகரத்தார், கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களுக்கு முதலீட்டை வழங்கினர். 1929-30இல் ஆராய்ந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கு இயங்கிய அவர்களது முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் விரும்பியது நிலத்தை அன்று, வட்டியை. அறுவடைக்கு அறுவடை திரும்பும் பணம் மறு கடனாகச் சென்றது. நிலம் வெறும் ஈடு. 1930இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் வசம் இருந்தது விளைநிலத்தில் 6 விழுக்காடு மட்டுமே.

உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. உழவர்களால் வட்டியும் கட்ட இயலவில்லை, முதலும் திருப்ப இயலவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. 1937இல் அப்பங்கு 25 விழுக்காடாயிற்று. ஏட்டில் பார்த்தால் பெருஞ்செல்வம். ஆனால் விற்கப் போனால் வாங்குவார் இல்லை. குத்தகையாக வந்த நெல்லுக்கோ விலை இல்லை. விலை மீளும் எனக் காத்திருப்பதைத் தவிர வழி தோன்றவில்லை.

காத்திருந்த காலத்தில் வேறொன்று வளர்ந்தது: நிலம் இழந்த பர்மிய உழவரின் சினம். அது நியாயமற்றது என்று நாம் சொல்வதற்கில்லை. 1942இல் சப்பானியர் படையெடுப்பால் பலர் ஊர் திரும்பினர். விடுதலை பெற்ற பர்மாவில் 1948, 1953ஆம் ஆண்டுகளின் நில நாட்டுடைமைச் சட்டங்கள் உரிமையைப் பறித்தன.

இதை இன்றைய வீட்டுக்கு எப்படிப் பொருத்துவது? எடுத்துக்காட்டாக, 50 லட்சம் ரூபாய் வீடு. மாத வாடகை 12,000 என்போம். ஆண்டுக்கு 1,44,000. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 1,32,000. வரியும் பழுதும் 22,000 எனக் கொண்டால் எஞ்சுவது 1,10,000, முதலில் 2.2 விழுக்காடு. வங்கிக் கடனில் வாங்கியிருந்தால், தவணைக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளியை நம் சம்பளமே நிரப்ப வேண்டும். சம்பளம் நின்றால், விலை ஏறும் முன்பே விற்க நேரும்.

விலையேற்றம் பொய் என்பது நம் கருத்தன்று. சாலையும் தொழிலும் வந்த இடங்களில் நிலம் பன்மடங்கு ஏறியதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆயினும் அது காத்திருக்க வல்லவருக்கே கிட்டும் பயன். அக்காத்திருப்புக்கு உணவிடுவது மாதாந்தர வருவாய். வாடகை வருவது குடியிருப்பவரின் பிழைப்பிலிருந்து. விலை நிற்பது வாங்குவோரின் நம்பிக்கையிலும் அரசின் சட்டத்திலும். பர்மாவில் இவை ஒவ்வொன்றாக உடைந்தன.

ஆகவே வாங்கும் முன் ஒரு வினா: பத்தாண்டுக்கு விலை ஒரு ரூபாயும் ஏறாவிட்டால், இவ்வீட்டை நம்மால் தாங்க முடியுமா? முடியும் என்றால், ஏறும் விலை நமக்கு ஊதியம். முடியாது என்றால், நாம் வாங்குவது வீட்டை அன்று, ஒரு நம்பிக்கையை மட்டுமே.