நகரத்தார் வணிகப் பயிற்சி

நகரத்தார் வணிகப் பயிற்சி என்பது, நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தார் தம் பிள்ளைகளைச் சொந்தத் தொழில் நடத்தும் முதலாளிகளாக ஆக்குவதற்குக் கைக்கொண்ட படிமுறை ஆகும். திண்ணைப் பள்ளியில் கணக்குப் படித்த சிறுவன் பிறர் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்வான். கையில் முதலும் ஊரில் பெயரும் சேர்ந்தபின் சொந்த விலாசத்தில் (தொழிற்பெயரில்) கடை வைப்பான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இரண்டாம் உலகப் போர் வரை இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர், சுமத்ரா, சைகோன் ஆகிய இடங்களில் இயங்கிய செட்டியார் கடைகள் இம்முறையில் பழகியவர்களால் நடத்தப்பட்டன. தொழில் தொடங்குவோரை உருவாக்கத் தமிழர் கண்ட முழுமையான ஏற்பாடுகளுள் இது ஒன்று.

தோற்றம்

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பது அவர்களது மரபு வரலாறு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமங்கோயில், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்து அவர்கள் பிரிந்து வாழ்ந்தனர். காரைக்குடியையும் தேவகோட்டையையும் நடுவாகக் கொண்ட செட்டிநாடு, இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அடங்குகிறது. மழை குறைந்த இந்த நிலத்தில் வேளாண்மையை மட்டும் நம்பியிருக்க முடியாது. பிழைப்புக்கு வெளியூர் செல்வது இவர்களுக்குத் தொடக்கம் முதலே வழக்கமாயிற்று.

வட்டிக்குப் பணம் கொடுக்கும் பணத் தொழிலுக்கு முன் இவர்கள் உப்பு வணிகம் செய்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமரப்பன் என்னும் வணிகர் பழனிக்கு உப்புக் கொண்டுசென்று விற்றதையும், இலாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக ஒதுக்கியதையும் பழனிச் செப்பேடுகள் கூறுகின்றன. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியுடன் பழனிக்கு நடந்துபோவது இந்தத் தொடர்பை இன்றும் நினைவூட்டுகிறது. விற்றதில் ஒரு பகுதியை அன்றே தனிக்கணக்கில் எழுதி ஒதுக்கும் பழக்கம் பின்னாளைய கடைகளிலும் தொடர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் தெய்வத்தின் பெயரில் ஒரு கணக்கு இருந்தது. மகமைப் பணம் அதில் வரவாயிற்று. கோயில், சத்திரம், பாடசாலை ஆகியவற்றுக்கு அதிலிருந்து பற்று எழுதினர்.

1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் தனியுரிமையானது. அதன்பின் நகரத்தார் நெல், துணி, பணம் ஆகியவற்றில் கூடுதலாக இறங்கி, கடல் கடந்தும் சென்றனர். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. 1852 ஆங்கில-பர்மியப் போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து அரிசி ஏற்றுமதி பெருகியதும், ஐராவதி ஆற்று வெளியில் காடு திருத்திய உழவர்களுக்குப் பெருமளவில் முதல் தேவைப்பட்டது. அந்த முதலைக் கொண்டுசென்றவர்கள் நகரத்தார். வெளிநாட்டுக்குத் தொழிலுக்குப் போவதைச் செட்டிநாட்டில் ‘கொண்டுவிக்கப் போறது’ என்பார்கள்.

தொடக்கக் கல்வி

ஐந்து வயதுச் சிறுவனுக்குத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடமாயிற்று. முழு எண்களோடு கீழ்வாய் எண்களும் தலைகீழாகத் தெரிய வேண்டும்: அரைக்கால் எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில் இந்தப் பின்னங்கள் நேரே பணக்கணக்குக்கு உதவின.

வட்டி, மாதத்துக்கு நூற்றுக்கு இத்தனை அணா என்று பேசப்பட்டது. நூற்றுக்கு மாதம் 12 அணா வட்டியில் 750 ரூபாய் கொடுத்திருந்தால் ஒரு மாத வட்டி 90 அணா, அதாவது 5 ரூபாய் 10 அணா. நாற்பத்தைந்து நாளுக்கு 8 ரூபாய் 7 அணா. தாளும் எழுதுகோலும் இல்லாமல், எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசி முடிப்பதற்குள் இந்த விடை வாயில் வர வேண்டும். மனக்கணக்கில் தேறாத பையனைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள்.

கடையின் படிநிலைகள்

பத்து முதல் பதினான்கு வயதுக்குள் பையன் கடைக்கு அனுப்பப்பட்டான். தகப்பன் கடையைவிட உறவினர் கடையிலோ பிற முதலாளியின் கடையிலோ விடுவதையே விரும்பினர். சொந்தக் கடையில் பையனைக் கண்டிக்க ஆள் இராது என்பது பெரியவர்களின் கருத்து. அக்கருத்து சரியென்பதைப் பல தலைமுறைகளின் அனுபவம் காட்டியது.

பெட்டியடிப் பையன்: கடையின் கடைசிப் படி. கூட்டிப் பெருக்குவது, தண்ணீர் எடுத்துவைப்பது, கடிதங்களைப் படியெடுப்பது, வசூலுக்குப் போகும் அடுத்தாளோடு கூடப்போவது இவன் வேலைகள். முதலாளியின் கைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள், எவருக்குக் கொடுக்கிறார்கள், எவரை வெறுங்கையோடு அனுப்புகிறார்கள் என்று பார்ப்பதே உண்மையான பாடம்.

அடுத்தாள்: கணக்கு எழுதுபவர், வசூல் செய்பவர். கடன் கேட்பவரின் நிலத்தையும் கடையையும் நேரில் பார்த்து வருவதும் இவர் பொறுப்பு. உள்ளூர் மொழியில் தேர்ச்சி இந்தப் படியில் கட்டாயம். பர்மாவில் பர்மிய மொழியும் மலாயாவில் மலாய் மொழியும் பேசத் தெரியாதவர் மேலே போக முடியாது.

மேலாள்: ஏஜெண்டு என்றும் அழைக்கப்பட்டார். ஊரில் இருக்கும் முதலாளியின் அதிகாரப் பத்திரத்தோடு கடையை முழுப் பொறுப்பில் நடத்துபவர். இவருடைய தவணை மூன்று ஆண்டு. சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுப்பார்கள். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருக்கும். தவணை முடிந்ததும் புதிய மேலாளிடம் கடையை ஒப்படைத்து, வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்து, கணக்கு முடித்து ஊர் திரும்புவார். கணக்கு நேராக இருந்தால் இலாபத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். அந்தப் பங்கே பலருக்குச் சொந்தக் கடையின் முதலாயிற்று.

சொந்தக் கடை: தனியே தொடங்குபவர், பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தம் விலாசத்தை அமைத்துக்கொள்வார். எம்.சிடி.எம். போன்ற விலாசங்கள் இவ்வாறு எழுந்தவை. கடிதமானாலும் உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டானாலும் விலாசத்தைப் பார்த்தே பணம் கைமாறியது. புதியவருக்கு உடனடிப் பணத்தேவை வந்தால், பெரிய முதலாளிகளின் அடத்திக் கடைகள் நடப்பு வட்டிக்குக் கொடுத்துதவின.

பயிற்சி பெரும்பாலும் நகரத்தாருக்குள் நடந்தது என்றாலும், பாண்டிநாட்டின் பிற சமூகத்தாரும் இக்கடைகளில் வேலை பார்த்து, அதே முறையில் தங்கள் கடைகளை நடத்தினர். சிங்கம்புணரியில் பிறந்த எழுத்தாளர் ப. சிங்காரம் இளவயதில் சுமத்ராவின் மைடான் நகரில் வேலை பார்த்தவர். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ புதினம் இக்கடைகளின் அன்றாட வாழ்வைக் காட்டும் சிறந்த இலக்கியச் சான்று.

கிட்டங்கி

வெளிநாட்டு நகரங்களில் பல கடைகள் ஒரே கட்டடத்தில் இயங்கின. இக்கட்டடம் கிட்டங்கி எனப்பட்டது. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் பினாங்கில் பினாங்கு ஸ்ட்ரீட்டும் இரங்கூனில் மொகல் தெருவும் இவற்றுக்குப் பெயர்பெற்றவை. நீண்ட கூடத்தில் சுவரோரம் ஓர் அலமாரி, அதன் முன் சாய்ந்த மூடியுள்ள மரப்பெட்டி, ஒரு பாய்: ஒரு கடைக்கு இவ்வளவே இடம். பகலில் பெட்டியின் முன் சம்மணமிட்டு எழுதியவர்கள் இரவில் அங்கேயே படுத்தனர். நாற்காலி, மேசை, விளம்பரப் பலகை போன்ற செலவு எதுவும் இல்லை. தொழில் தொடங்கும்போது இடத்துக்கும் தோற்றத்துக்கும் முதலைக் கரைக்கக்கூடாது என்ற பாடத்தைப் பையன்கள் தினமும் கண்ணால் கண்டனர். ஒரே கூடத்தில் பல கடைகள் இருந்ததால், தவறாத கடனாளி யார், தவணை தப்புபவர் யார் என்ற செய்தியும் அன்றன்றே பரவியது.

கணக்கு முறை

செட்டியார் கடையின் கணக்கு மூன்று அடுக்குகளில் நின்றது. அன்றாட நடவடிக்கை முழுவதையும் நடந்த வரிசையில் எழுதுவது சிட்டை. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. பேரேட்டின் நிலுவைகளைத் திரட்டி, கடையின் நிலையை ஒரே பார்வையில் காட்டுவது ஐந்தொகை. ஒருவர் பெயரில் பற்று எழுதினால் இன்னொரு பெயரில் வரவு எழுதியாக வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துவராத அன்று பெட்டியை மூட மாட்டார்கள். காலணா இடித்தாலும் அது எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்தாளும் பையனும் உட்கார்ந்திருப்பார்கள். கணக்கின் படி ஊரிலுள்ள முதலாளிக்கு ஒழுங்காகத் தபாலில் போனது.

முதலாளி தம் கடைக்குப் போட்ட பணமும் கணக்கில் அவர் பெயரில் வரவாகவே எழுதப்பட்டது. முதல் பணம் வேறு, வைப்பு வேறு. குடும்பத்தார் கடையில் போட்டுவைத்த பணத்துக்கும் நடப்பு வட்டியோ தவணை வட்டியோ கட்டினர். அந்த வட்டி போக மிஞ்சியதே இலாபம். தன் பணத்துக்கு வட்டி கணக்கிடாமல் இலாபம் பார்ப்பவன் ஏமாந்துபோவான் என்பதை இது தெளிவாகக் கற்பித்தது. நடப்பு வட்டி வீதத்தை இரங்கூனில் செட்டியார்கள் மாதந்தோறும் தங்கள் கோயிலில் கூடி நிர்ணயித்தனர்.

குடும்பத்தின் பங்கு

திருமணமான மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ நகரத்தார் வழக்கம். பெரிய வீட்டின் ஒரே வளவுக்குள் அவர்களுக்குத் தனி அறையும் தனி அடுப்பும் கிடைக்கும். அரிசி, பருப்பு, பணம் என ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டும். பெண் கொண்டுவந்த சீதனம் அவள் பெயரில் கடையில் வட்டிக்கு நின்றது. ஆண்கள் மூன்றாண்டு கடல் கடந்திருந்த காலத்தில் வீட்டுக் கணக்கு, திருமணச் சீர்க்கணக்கு, மொய்க்கணக்கு அனைத்தையும் ஆச்சிமார் எனப்படும் வீட்டுப் பெண்கள் கவனித்தனர். சொந்தத் தொழிலுக்கு வேண்டிய சிக்கனம் முதலில் அடுப்படியில் பழகியது.

பர்மாவில் ஏற்றமும் இழப்பும்

பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1930 அளவில் அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் புழங்கியதாகவும் மதிப்பிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனாளிகளால் திருப்பித் தர முடியாமல் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலமே செட்டியார்களிடம் இருந்தது. 1938க்குள் அது 25 விழுக்காடு ஆயிற்று. இந்த நிலம் அவர்கள் நாடிப்போய்ப் பெற்றதன்று. ஈடாக நின்று, விலை வீழ்ச்சியால் கைக்கு வந்து சேர்ந்தது. பணத் தொழில் செய்பவருக்கு விற்க முடியாத நிலம் முடங்கிய முதல். ஜப்பானியப் படையெடுப்பில் பலர் கணக்குப் புத்தகங்களை மட்டும் சுமந்து ஊர் திரும்பினர். 1948இல் சுதந்திர பர்மா இயற்றிய நில நாட்டுடைமைச் சட்டம் எஞ்சியதையும் முடித்துவைத்தது. ஒரே நாட்டில், ஒரே விளைபொருளை நம்பி முதலைக் குவித்ததே இப்பயிற்சி முறை தடுக்கத் தவறிய பெரும் பிழை.

ஆலைத் தொழிலுக்கு மாற்றம்

முன்னறிவோடு முதலைப் பிரித்துப் போட்டவர்கள் தப்பினர். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் தொடங்கினார். பள்ளத்தூரைச் சேர்ந்த ஏ. எம். முருகப்பச் செட்டியார் பதினான்காம் வயதில் பர்மா சென்று மாமன் கடையில் பழகியவர். அவர் குடும்பத்தார் போருக்கு முன்பே முதலை இந்தியாவுக்குத் திருப்பினர். 1949இல் அவர்களது டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் உருவாயிற்று. பெட்டியடியில் கற்ற கணக்கு ஆலைக்கும் வங்கிக்கும் பொருந்தியது.

இன்றைய நிலை

இம்முறை இப்போது வழக்கில் இல்லை. நகரத்தார் இளைஞர்கள் பலர் பொறியியல், தணிக்கை, கணினித் துறைகளில் உள்ளனர். தொழில் தொடங்குவோருக்கு மாவட்டத் தொழில் மையங்களும் தமிழ்நாடு தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் குறுகிய காலப் பயிற்சி அளிக்கின்றன.

மதிப்பீடு

கடையும் காலமும் மாறினாலும் இப்பயிற்சியின் விதிகள் பழையனவாகிவிடவில்லை. பிறர் கடையில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றபின் சொந்த முதலைப் போடுவது, அன்றைய கணக்கை அன்றே முடிப்பது, வீட்டுச் செலவையும் தொழில் பணத்தையும் கலக்காதிருப்பது, சொந்தப் பணத்துக்கும் வட்டி கணக்கிட்டு இலாபம் பார்ப்பது, தோற்றத்துக்குச் செலவிடாதிருப்பது, பர்மா இழப்பு கற்பித்தபடி ஒரே இடத்தில் முழு முதலையும் குவிக்காதிருப்பது ஆகிய ஆறும் இன்று மளிகைக் கடை வைப்பவருக்கும் மென்பொருள் நிறுவனம் தொடங்குபவருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். கடன் வாங்கித் தொழிலில் இறங்கத் துடிக்கும் இளைஞர், அதற்குமுன் அதே தொழிலில் நன்றாக நடக்கும் ஒரு கடையில் ஓராண்டாவது சம்பளத்துக்கு இருந்து கற்றுக்கொள்வது நல்லது.