மலையகத் தமிழரும் மலேசியத் தமிழரும்: சமூக, பொருளாதார வேறுபாடுகள்

இலங்கையின் மலையகத் தமிழரும் மலேசியத் தமிழருள் பெரும்பான்மையோரும் 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத் தொழிலாளர்களாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் ஆவர். ஒரே ஆட்சியின் கீழ், ஏறத்தாழ ஒரே வகையான ஊர்களிலிருந்தும் சாதிகளிலிருந்தும், கங்காணி முறை என்னும் ஒரே ஏற்பாட்டின் வழியாகப் புறப்பட்ட இவர்கள், இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் மிகவும் வேறுபட்ட நிலைகளை அடைந்தனர். குடியுரிமை, கல்வி, நிலம், வருமானம் ஆகியவற்றில் காணப்படும் இவ்வேறுபாடுகள், புலம்பெயர்ந்த சமூகத்தின் தலைவிதியை அதன் பூர்வீகம் தீர்மானிக்கிறதா, சென்று சேர்ந்த நாடு தீர்மானிக்கிறதா என்ற கேள்விக்கு முக்கியமான சான்றாக விளங்குகின்றன.

புறப்பட்ட இடம்

திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம், வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு ஆகிய பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் சென்றனர். இலங்கைக்குச் சென்றோரில் தெற்கு, நடு மாவட்டத்தார் மிகுதி. மலாயாவுக்குச் சென்றோரில் வடமாவட்டத்தாரும் கணிசமாக இருந்தனர். பஞ்சம், நிலமின்மை, சாதி ஒடுக்குமுறை ஆகிய மூன்றும் இவர்களை ஊரைவிட்டுக் கிளப்பின.

இன்று நாவலூர், தாம்பரம் முதலிய சென்னையின் தென்புறநகர்கள் அடங்கியுள்ள செங்கற்பட்டு மாவட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மாவட்ட ஆட்சியராக இருந்த ஜே. எச். ஏ. திரமென்ஹீர், மிராசுதாரர்களின் கீழ்ப் பண்ணையாட்களாக உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். குடியிருக்கும் மனைக்கட்டுகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை அது வெளிப்படுத்தியது. இதன் விளைவாகவே 1892-இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கும் ஆணை பிறந்தது. ஊரில் ஒரு துண்டு நிலமும் கிடைக்காத நிலையில், கடல் கடந்த கூலிவேலை பலருக்கு ஒரே வெளிவழியாகத் தோன்றியது. மலாயாவுக்குச் செல்வோருக்கான முகாம்கள் சென்னைக்கு அருகே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தன. இலங்கை செல்வோருக்கு மண்டபத்தில் முகாம் இருந்தது.

இரு பயணங்கள், இரு கடன்கள்

இலங்கையில் 1820-களில் காப்பித் தோட்டங்களுடன் இக்குடிப்பெயர்வு தொடங்கியது. தொடக்கக் காலத்தில் தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே சென்றனர். வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் ஏராளம். 1869-இல் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் தேவைப்பட்டது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் நிலையாகத் தங்கின.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெருகின. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நீராவிக் கப்பலில் பினாங்கு சென்று, ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்ட பிறகே தொழிலாளர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். தொடக்கத்தில் தனி ஆண்களே பெரும்பான்மையாகச் சென்றனர். பலர் சில ஆண்டுகளில் திரும்பினர்.

இவ்விரண்டுக்கும் இடையே கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேறுபாடு ஒன்று கடனில் இருந்தது. இலங்கையில் தொழிலாளியின் பயணச் செலவு அவர் தலையில் கடனாக ஏற்றப்பட்டது. அந்தக் கடன் தொகையை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டு இல்லாமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய துரை அந்தக் கடனைத் தீர்த்த பின்பே ஆள் கைமாறுவார். துண்டு முறை 1921-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டாலும், பெரிய கங்காணியிடம் கடன்பட்டிருக்கும் வழக்கம் நீடித்தது. மலாயாவில் 1907-இல் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. இந்தியத் தொழிலாளர்களைப் பயன்படுத்தும் எல்லா முதலாளிகளும் அதற்குப் பணம் செலுத்த வேண்டும் என்றும், அதிலிருந்து தொழிலாளியின் பயணச் செலவு ஈடுசெய்யப்படும் என்றும் விதிக்கப்பட்டது. ஆகவே அங்கு கால் வைத்தவர் பயணக் கடன் இல்லாமல் வேலையைத் தொடங்கினார். விரும்பினால் தோட்டம் மாறவும் முடிந்தது.

தோட்டத்துக்குள் இருந்த வாழ்க்கை இரு நாடுகளிலும் ஒன்றுபோலவே கடுமையானது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயன் அறைகள், கங்காணியின் அதிகாரம், ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு கூலி ஆகியவை இரண்டிடத்தும் இருந்தன. எதிர்ப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெடித்தது. 1940-இல் முல்லோயா தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தமும் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது.

குடியுரிமை: பாதை பிரிந்த இடம்

இரு சமூகங்களின் பாதையும் தெளிவாகப் பிரிந்தது விடுதலையின்போதுதான்.

இலங்கையில் 1931-இல் அனைவருக்கும் வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினரும் வாக்காளர் ஆயினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மேலும் பல தொகுதிகளில் இவர்களது வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றன. அடுத்த ஆண்டே, 1948-ஆம் ஆண்டு 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. பிறப்பால் குடியுரிமை கோருபவர் தம் தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும் அல்லது தந்தைவழிப் பாட்டன், முப்பாட்டன் இருவரும் அங்கே பிறந்ததை நிறுவ வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத லயன் குடும்பங்களுக்கு இது இயலாத காரியம். 1949-இல் பதிவின் மூலம் குடியுரிமை வழங்க மற்றொரு சட்டம் வந்தது. அதன்கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தபோதும், ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே ஏற்கப்பட்டனர். வாக்குரிமையும் பறிபோயிற்று.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது. 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். சம்பந்தப்பட்ட மக்களின் கருத்து எந்தக் கட்டத்திலும் கேட்கப்படவில்லை. நாடற்றோர் சிக்கல் 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகே பெரும்பாலும் தீர்ந்தது.

மலாயாவில் விடுதலைப் பேச்சுவார்த்தையே மலாய், சீன, இந்தியக் கட்சிகளின் கூட்டணியால் நடத்தப்பட்டது. 1946-இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரஸ் 1954-இல் அக்கூட்டணியில் சேர்ந்தது. 1957-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, விடுதலை நாள் முதல் அந்நாட்டில் பிறப்போருக்குப் பிறப்புவழிக் குடியுரிமை அளித்தது. ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் பதிவுசெய்துகொள்ளவும் வழி இருந்தது. ஈடாக, மலாய்க்காரரின் சிறப்பு நிலை ஏற்கப்பட்டது. இருப்பினும் எழுத்தறிவில்லாத தோட்டத் தொழிலாளர் பலர் உரிய காலத்தில் பதிவு செய்யவில்லை. 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. சிவப்பு அடையாள அட்டையுடன் வாழ்ந்து முதுமையடைந்தவர்களும் உண்டு. எனினும் இலங்கையைப் போல ஒரு முழுச் சமூகமே சட்டத்தால் நாடற்றதாக ஆக்கப்படவில்லை.

நிலமும் வீடும்

விடுதலைக்குப் பின் மலாயாவில் ஐரோப்பியர் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினர். வேலையிழந்தோரைக் காக்க வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலியாளே பங்குதாரர் ஆன இம்முயற்சிக்கு இணையானது மலையகத்தில் தோன்றவில்லை. ஆயினும் பெரும்பாலான மலேசியத் தோட்டங்கள் இச்சங்கத்தின் கைக்கு வரவில்லை. 1970-களுக்குப் பின் ரப்பர் செம்பனைக்கும், பின்னர் வீட்டு மனைகளுக்கும் இடம் கொடுத்தது. வேலையோடு வீடும் போனதால் குடும்பங்கள் கோலாலம்பூர், கிள்ளான் போன்ற நகரங்களின் விளிம்பிலிருந்த புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. தோட்டத்து வறுமை நகர்ப்புற வறுமையாக உருமாறியது.

இலங்கையில் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களின்போது தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலம் பகிரப்பட்டபோது, அதில் நான்கு தலைமுறையாக உழைத்தவர்கள் பயனாளிகளாகக் கருதப்படவில்லை. பல இடங்களில் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1977-இல் டெவன் தோட்ட நிலத்தைப் பறிக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். 1992-இல் தோட்ட நிர்வாகம் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்றும் கணிசமான குடும்பங்கள் லயன்களிலேயே வாழ்கின்றன. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்னும் திட்டமும், இந்திய அரசின் வீட்டுத் திட்டமும் மெதுவாகவே நகர்கின்றன. நிலத்துக்கு உறுதிப்பத்திரம் பெறுவது மலையகத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக உள்ளது.

கல்வி

மலாயாவில் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. மாட்டுக்கொட்டகை போன்ற இடங்களில் ஓராசிரியர் பள்ளிகளாக அவை இயங்கினாலும், 1957-இல் 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. தொடக்கக் கல்வியைத் தமிழில் முடித்து இடைநிலைப் பள்ளியில் மலாய்வழிக்கு மாறும் கட்டத்தில் இடைநிற்றல் நீண்டகாலச் சிக்கலாக இருந்தது. மறுபுறம், மலாய் மொழியில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு நாட்டின் முழு வேலைச் சந்தையும் திறந்தது.

மலையகத்தில் தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது 1970-களில்தான். அதுவரை ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பல்கலைக்கழகம்வரை தமிழிலேயே கற்க முடியும் என்பது மலையக மாணவருக்குள்ள வாய்ப்பு. ஆனால் கணிதம், அறிவியல் ஆசிரியர் பற்றாக்குறையால் உயர்தரத்தில் அத்துறைகளைப் பயிலும் வாய்ப்பு பல பள்ளிகளில் அரிதாக இருந்தது. குடியுரிமை இல்லாத தலைமுறைக்கு அரசு வேலையும் எட்டாக்கனி. ஆகவே கல்வியால் கிடைக்கும் பயனும் குறைவாகவே இருந்தது.

வருமானமும் தொழிலும்

இலங்கையின் 2019-ஆம் ஆண்டுக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் நாடு தழுவிய வறுமை வீதம் 14.3 விழுக்காடாக இருந்தபோது, தோட்டத் துறையில் அது 33.8 விழுக்காடாக இருந்தது. நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக உயர்த்தப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்து, 2021-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. நிர்ணயித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் முழுச் சம்பளம் கிடைக்காது என்ற நிலையும் தொடர்கிறது. இளையோர் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் மேற்காசிய நாடுகளில் வீட்டுவேலைக்கும் செல்கின்றனர்.

மலேசியாவில் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் சீனரைவிடக் குறைவாகவும் மலாய்க்காரரைவிடச் சற்றுக் கூடுதலாகவும் உள்ளது. இந்தச் சராசரி மயக்கம் தருவது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தராகச் சென்றோர், செட்டியார்கள், மலையாளிகள், மருத்துவர், வழக்கறிஞர் ஆகிய அனைவரும் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்தில் அடங்குகின்றனர். தோட்டத்து வழித்தோன்றல்களின் நிலை அச்சராசரியினுள் மறைந்துவிடுகிறது. நிறுவனப் பங்குடைமையில் இந்தியரின் பங்கு 1970-இல் சுமார் 1 விழுக்காடாக இருந்தது. 2004-லும் அது ஏறத்தாழ அதே அளவில்தான் இருந்தது. 1971-இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் பயன் ஏழை இந்தியரைச் சென்றடையவில்லை என்ற மனக்குறையே 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் நடந்த இண்ட்ராஃப் பேரணியாக வெளிப்பட்டது.

திரும்பி வந்தவர்கள்

ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து இந்தியா வந்தோர் மூன்றாவது ஒப்பீட்டுக்கு இடம் தருகின்றனர். 1984-இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நிற்கும்வரை 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். இவர்களுக்காக நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. பூர்வீக மண்ணில் அவர்களுக்குக் கிடைத்தது மீண்டும் தோட்டக் கூலிவேலையே. கூடலூர், கோத்தகிரி வட்டாரங்களில் அவர்கள் 'சிலோன்காரர்' என்றே அழைக்கப்பட்டனர்.

உலக ஒப்பீடு

ஒரே பூர்வீகம் இரு நாடுகளில் இரு விளைவு தருவது தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1870-க்கும் 1914-க்கும் இடையே இத்தாலியர் அர்கெந்தீனாவின் புவெனசு ஐரிசுக்கும் அமெரிக்காவின் நியூயார்க்குக்கும் பெருந்திரளாகச் சென்றனர். இவ்விரு நகரங்களையும் ஒப்பிட்ட வரலாற்றாய்வாளர் சாமுவேல் பெய்லி, புவெனசு ஐரிசு இத்தாலியர் விரைவாகச் சொத்தும் தொழிலும் சேர்த்து நிலைபெற்றதைக் காட்டினார். அங்கு அவர்கள் முன்னதாகவே சென்று மக்கள்தொகையில் பெரும் பங்காக இருந்தனர். மொழியும் பண்பாடும் நெருக்கமானவை. நியூயார்க்கிலோ, தொழில்வளர்ச்சி பெற்றுவிட்ட நகரின் அடித்தட்டில் பிந்தி வந்தவர்களாக நுழைந்தனர். பொதுவாகச் செல்வமிக்க நாட்டில் புலம்பெயர்ந்தோரின் தொடக்கநிலை மேலானதாக இருக்கும் என்ற எண்ணத்தை இவ்வாய்வு கேள்விக்குள்ளாக்கியது.

மதிப்பீடு

மலையகத் தமிழர் மலேசியத் தமிழரைவிடப் பின்தங்கியதற்கு இலங்கைப் பொருளாதாரம் மெதுவாக வளர்ந்தது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமன்று. நாற்பது ஆண்டுகள் வாக்கோ குடியுரிமையோ இல்லாத மக்களால் பள்ளி, சாலை, நிலம் ஆகியவற்றை அரசிடம் கேட்டுப் பெற இயலவில்லை. இலங்கை மக்கள்தொகையில் 1946-இல் ஏறத்தாழ 11.7 விழுக்காடாக இருந்த இந்தியத் தமிழர், 2012 கணக்கெடுப்பில் 4.1 விழுக்காடாகக் குறைந்ததும் அதன் தொடர்ச்சியே. இக்குறைவில், தம்மை 'இலங்கைத் தமிழர்' என்று பதிவு செய்துகொண்டோரும் அடங்குவர்.

மலேசிய அனுபவமோ, குடியுரிமை இன்றியமையாதது என்றாலும் அதுவே போதுமானதன்று என்பதை உணர்த்துகிறது. தோட்டம் மூடப்பட்டபோது வீடும் நிலமும் இல்லாதவர்களுக்குக் குடியுரிமை ஆவணம் மட்டும் ஏற்றம் தரவில்லை. செங்கற்பட்டு மிராசுதாரரின் மனைக்கட்டில் குடியிருந்த பண்ணையாளுக்கும், மலையக லயனிலும் மலேசியத் தோட்டக் குடியிருப்பிலும் வாழ்ந்தவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: குடியிருக்கும் இடம் வேலை கொடுப்பவரின் கையில் இருந்தது. அந்தப் பிணைப்பிலிருந்து விடுபட்ட குடும்பங்களே எந்த நாட்டிலும் முன்னேறின.